சம்பந்தி வீட்டு ஹாமும் சற்குணத்தின் மூக்கும்

சற்குணம் ஒயின் கடைக்குள் நுழைந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் புது மெஷின் வந்திறங்கினால் மேனேஜர் என்ற முறையில் அவர் நிற்கிற நிலை அது. மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது இன்னும் கம்பீரமாக நிற்பார்.

எதிரே சுவர் முழுக்கப் பாட்டில்கள், தரையிலிருந்து கூரைவரை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஏன் படுக்கப் போட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும்.

"என்ன ஒயின் பாக்குறீங்க, அங்கிள்?"

கவுண்டரிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். சட்டையில் ரமணி என்று பெயர் குத்தியிருந்தது.

சற்குணம் தொண்டையைச் செருமினார். "நீ என்ன குடுப்பே? சொல்லு. சரியாச் சொல்றியான்னு பாக்குறேன்."

ரமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பின்னால் கட்டியிருந்த கைகளையும் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது.

"எதோட சாப்பிடப் போறீங்க?"

"ஹாம். கிறிஸ்துமஸ் விருந்து."

"தேன் தடவிச் சுடுற ஹாமா, அன்னாசிப்பழம் வெச்சதா?"

பன்றித் தொடையை உப்பில் ஊறவைத்து வாட்டினால் அதன் பெயர் ஹாம் என்பதே சற்குணத்துக்குச் சமீபத்தில்தான் தெரியும். "ரெண்டும்," என்றார்.

"ஒரு நிமிஷம் அங்கிள். எங்களுக்குப் பாடம் எடுக்குற மேடத்தை ஃபோன்ல கேட்டுட்டு வந்துடறேன்."

"கேளு, கேளு. அவங்களும் சரியாச் சொல்றாங்களான்னு பாப்போம்."

சற்குணத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது குடும்ப வழக்கம். அவருடைய அப்பா விநாசித்தம்பி ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா. வழி கேட்டு வந்தவர்களை எதிர்த்திசையில் அனுப்பியிருக்கிறாரே தவிர, தெரியாது என்று சொல்லி ஒருவரையும் நிறுத்திவைத்தவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த அவருடைய அப்பாவும் அப்படித்தானாம். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் 'தெரியாது' என்ற சொல்லுக்கு வேலை இருந்ததில்லை.

அந்தப் பெருமைதான் சற்குணத்தைச் சம்பந்தி வீட்டில் மாட்டிவைத்தது.

அவருடைய ஒரே மகள் தர்ஷிகா, பத்து ஃபெரிங்கியில் ஒரு பெரிய ஹோட்டலில் பானப் பிரிவு மேனேஜர். பானப் பிரிவு என்றால் என்ன என்று சற்குணம் கேட்டதில்லை. பெற்ற மகளிடம் போய் எப்படிக் கேட்பது? காப்பி, டீ, பழச்சாறு என்று தாமே வைத்துக்கொண்டு, "அவ கையெழுத்து இல்லாம அங்க ஒரு டீத்தூள் நகராது" என்று உறவினர்களிடம் சொல்லிவந்தார். அவள் விரும்பிய பையன் எட்வின், கத்தோலிக்கக் குடும்பம். எட்வினின் அப்பா பிச்சைமுத்துவுக்கு ஜெலுத்தோங்கில் கார் ஒர்க்‌ஷாப், அதற்கு மேல் மாடியிலேயே வீடு. பெண் வீட்டார் முதல் தடவை போனபோது பிச்சைமுத்து வாய் நிறையச் சிரித்து வரவேற்றார்.

"கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பா வரணும் சம்பந்தி. அன்னைக்கே கல்யாணத்துக்கு நாள் குறிச்சிடுவோம். வருஷத்துல ஒரு நாள்தான் நான் அடுப்படிக்குள்ள போவேன். ஹாம் செய்ய. அது என் வேலை. ஒயின்தான் ஒவ்வொரு வருஷமும் சொதப்புது. எதோட எது சேரும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது லா."

சொந்த வீட்டில், சொந்தச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, பெண் வீட்டார் முன்னால் ஒரு மனிதர் 'தெரியாது' என்கிறார்! சற்குணத்துக்கு அவர்மீது இரக்கம் பொங்கியது.

"ஒயினை என்கிட்ட விட்டுடுங்க," என்றார்.

"உங்களுக்கு அதுல பழக்கமா?"

"பழக்கமா!" என்று சற்குணம் சிரித்தார். பதில் என்று ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பே சொல்லிவிட்டது.

உண்மையில் அவர் ஒரு சொட்டு ஒயினும் குடித்தவரில்லை. போதாக்குறைக்கு மார்கழி, திருவெம்பாவை விரதம். கிறிஸ்துமஸன்று ஒயின் சொதப்பினால், மகள் வாழப்போகிற வீட்டில் அவளுடைய அப்பா காலம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிடுவார்.

ரமணி திரும்பி வந்தாள். கையில் ஒரு மெலிந்த, உயரமான பாட்டில்.

"மேடம் ரீஸ்லிங் சொல்றாங்க, அங்கிள். வெள்ளை ஒயின். லேசா இனிப்பு, கொஞ்சம் புளிப்பு. ஹாம்ல உப்பு ஜாஸ்தி, அன்னாசி வேற. அதுக்கு இதுதான் எடுப்பா இருக்கும்."

"வெள்ளையா?"

சற்குணத்தின் மனக்கண்ணில் தாம்பாளம் வந்து நின்றது. சம்பந்தி வீட்டுக்குத் தட்டு எடுத்துப் போகிறோம். குங்குமம் சிவப்பு, ரோஜா சிவப்பு, ஆப்பிள் சிவப்பு. நடுவில் நிறமே இல்லாமல் ஒரு பாட்டில், யாரோ குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்த மாதிரி.

"உங்க மேடத்துக்கு மங்கலம்னா என்னன்னு யாரும் சொல்லிக்குடுக்கல போலிருக்கு. சிவப்பு குடு. அடியில குழி ஆழமா இருக்கணும். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு உசந்த சரக்கு." இந்தச் சட்டத்தை அவர் அந்த நொடியில்தான் இயற்றினார். இயற்றியதும் நம்பியும் விட்டார். "மூணு பாட்டில் எடு. ஒத்தப்படையில இருக்கணும்."

"எதுக்கு அங்கிள் ஒத்தப்படை?"

"ஒயின்ல அதான் முறை."

ரமணி உதட்டைக் கடித்துக்கொண்டு பாட்டில்களை மூட்டை கட்டினாள். "மேடம்கிட்ட சொல்லிடட்டா?"

"தாராளமா. அனுபவசாலி ஒருத்தர் வந்து திருத்திட்டுப் போனாருன்னு சொல்லு. எங்க படிச்சாங்களாம் உங்க மேடம்?"

"வெளிநாட்டுக்காரங்க வெக்கிற பெரிய பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணியிருக்காங்க அங்கிள். ஆனா தைரியம் மட்டும் வீட்டுல கத்துக்கிட்டதுன்னு சொல்வாங்க."

"அதான் பாதி மட்டும் தெரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டுச் சற்குணம் வெற்றியோடு வெளியேறினார்.

வெற்றி செபராங் ஜெயாவில் அவர் வீட்டு வாசல்வரைதான் தாங்கியது.

"இந்தக் கருமத்தை யாரு வீட்டுக்குள்ள கொண்டாரச் சொன்னா?" என்றார் மனைவி யோகேஸ்வரி. "ஃப்ரிஜ்ல சாமிக்குப் பால் வெச்சிருக்கேன்!"

"இது நமக்கில்ல யோகா. சம்பந்திக்கு."

"அப்போ சம்பந்தி வீட்டு ஃப்ரிஜ்ல போய் வைங்க. மார்கழி மாசத்துல..."

"கிறிஸ்துமஸ் மார்கழியிலதான் வருது. அதுக்கு நான் என்ன பண்றது?"

கடைசியில் மூன்று பாட்டில்களும் காரின் பின்பெட்டிக்குக் குடிபோயின. மறுநாள் கார் தொழிற்சாலைக்குப் போனது. திறந்தவெளியில், பினாங்கு வெயிலில், காலையிலிருந்து நின்றது. மத்தியானம் காவலாளி முனுசாமி அவருடைய அறைக் கதவைத் தட்டினார்.

"சார், உங்க கெரெத்தா பின்பெட்டியில இருந்து என்னமோ செவப்பா ஒழுகுது." குரலைத் தாழ்த்தினார். "நான் யார்கிட்டயும் சொல்லல. உள்ள ஆளு கீளு ஒண்ணும் இல்லியே?"

வெந்துபோன ஒயின், தக்கைகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது. பின்பெட்டியில் விரித்திருந்த கம்பளம் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்து மப்பாகக் கிடந்தது.

சற்குணம் சோப்புத் தூள் போட்டுக் கழுவினார். வாசனை நுரையோடு சேர்ந்து முன்சீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தார். அது ஒயினோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. காப்பித் தூள் தூவிப் பார்த்துவிட்டு, கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சாம்பிராணி புகை போட்டார். இப்போது காருக்குள் உட்கார்ந்தால் தீபாராதனை நடக்கிற கள்ளுக்கடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. தினமும் அவரோடு காரில் வரும் ஃபிக்ரி, எட்ட நின்றே மூக்கைப் பொத்திக்கொண்டு, கொஞ்ச நாளைக்குப் பஸ்ஸிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் பிச்சைமுத்து ஃபோன் செய்தார்.

"சம்பந்தி, ஒயின் ரெடியா?"

"ஓய்வா இருக்கு." அது பொய்யில்லை. மூன்று பாட்டில்களும் குப்பைத் தொட்டியில் ஓய்வாகத்தான் கிடந்தன.

"நீங்கதான் முதல்ல குடிச்சுப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லணும், சொல்லிட்டேன்!"

"நான் விரதமாச்சே."

"அடடா, ஆமா லா. தங்கச்சி யோகேஸ்வரி எங்க வீட்டுக்காரிகிட்ட சொன்னாங்க. உங்க ரெண்டு பேருக்கும் புதுச் சட்டி வாங்கித் தனியா மரக்கறி சமைக்கிறோம். அப்ப ஒயினை யாரு பாத்துச் சொல்றது?"

தப்பிக்க வாசல் கதவே திறந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் வெளியே ஓடியிருப்பார்கள். சற்குணம் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தார்.

"குடிச்சுப் பாத்துச் சொல்றது கத்துக்குட்டிங்க வேலை சம்பந்தி. விஷயம் தெரிஞ்சவன் மோந்து பாத்தே சொல்லிடுவான்."

"மோந்து பாத்தேவா?" என்று பிச்சைமுத்துவின் குரல் பக்தியோடு வந்தது. "சம்பந்தி, இதை நாங்க மட்டும் பாத்தா பாவம். மாதா கோயில்ல பாட்டுப் பாடுற குரூப்பைக் கூப்பிட்டுடறேன். நம்ம ஒர்க்‌ஷாப் கஸ்டமர்ங்ககூட ஆசையாக் கேட்பாங்க."

அவர் ஃபோனை வைத்த கையோடு தர்ஷிகா கூப்பிட்டாள்.

"அப்பா, ஒயின் நீங்க வாங்குறீங்கன்னு எட்வின் சொன்னாரு. நான் ஏதாவது பாக்கட்டா?"

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? நீ காப்பி, டீ பாக்குற புள்ள. இது வேற இலாகா."

ஃபோனில் ஒரு விநோதச் சத்தம்.

"என்னம்மா, சிரிக்கிறியா?"

"இல்லப்பா. இருமல்."

சற்குணம் வேறு வழியில்லாமல் ஒயின் கடைக்கு ஃபோன் போட்டார்.

"நான்தாம்மா. அன்னைக்கு உங்க மேடத்தைத் திருத்தினேனே."

"சொல்லுங்க அங்கிள்," என்றாள் ரமணி.

"யோசிச்சுப் பாத்தேன். அவங்களுக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கலாம்னு தோணுது. சின்ன வயசா இருக்கும். மனசு ஒடைஞ்சிடக் கூடாது பாரு. அவங்க சொன்ன அந்த வெள்ளையையே குடு. கூட்டம் வருது, பாட்டில் நெறைய வேணும்."

"சிவப்பு என்னாச்சு அங்கிள்?"

"காலியாயிடுச்சு."

"மூணுமா!"

"அதை விடு."

"சரி அங்கிள். கிறிஸ்துமஸன்னைக்கு நானே நேரா விருந்து வீட்டுக்கு ஐஸ் பெட்டியில எடுத்துட்டு வந்துடறேன். ஒயினைக் காருல போட்டு வெயில்ல வெச்சா அவ்வளவுதான், வீணாப் போயிடும்."

"கரெக்ட்," என்றார் சற்குணம், பரீட்சைத் தாளில் மார்க் போடுகிற குரலில். "நீ தேறிட்டே."

கிறிஸ்துமஸன்று மாலை, பினாங்குத் தீவுக்குப் போகிற பாலம் ஏறுவதற்கு முன்னால் போலீஸ் மறித்தது. அதிகாரி காருக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். சற்குணத்தைக் கருவியில் ஊதச் சொன்னார். பூஜ்யம். கருவியைத் தட்டிவிட்டு மறுபடியும் ஊதச் சொன்னார். பூஜ்யம். நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்த யோகேஸ்வரியை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னையும் ஊதச் சொல்லுங்க," என்றார் யோகேஸ்வரி கணவரிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "அது ஒண்ணுதான் பாக்கி."

ஜெலுத்தோங்கில் மாடிப்படியிலேயே கூட்டம் நின்றது. பாடகர் குழு ஒரு பக்கம், ஒர்க்‌ஷாப் வாடிக்கையாளர்கள் ஒரு பக்கம். நடுமேசையில் ஹாம், பொன்னிறத்தில், உடம்பெல்லாம் அன்னாசி வில்லைகளும் கிராம்பும் குத்திக்கொண்டு வீற்றிருந்தது. பிச்சைமுத்து கார்களுக்குச் சாயம் அடிக்கிற தூரிகையில் புதிது ஒன்றை எடுத்து அதற்குக் கடைசிப் பூச்சு தேன் அடித்துக்கொண்டிருந்தார். பளபளப்பைப் பார்த்தால், அந்தத் தெருவில் அவரிடம் ஏன் அவ்வளவு கார்கள் வருகின்றன என்பது புரிந்தது.

ரமணி ஐஸ் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். "கிறிஸ்துமஸன்னைக்கு இந்த வீட்டுக்கு வந்தவங்க சாப்பிடாமப் போனதில்ல," என்று பிச்சைமுத்துவின் மனைவி அவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். உட்காரும்போது தர்ஷிகாவைப் பார்த்து அவள் பயபக்தியோடு தலையாட்டியதைச் சற்குணம் கவனித்தார். பெரிய ஹோட்டல் மேனேஜர் என்றால் மரியாதை இருக்கத்தானே செய்யும்.

தர்ஷிகா எழுந்து பாட்டிலை எடுத்தாள். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றி, மணிக்கட்டை மெல்லத் திருப்பி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கிளாஸில் ஊற்றினாள். காப்பி ஊற்றிப் பழகின கை என்று சற்குணத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"எல்லாரும் அமைதி!" என்றார் பிச்சைமுத்து. "என் சம்பந்தி இப்ப மோந்து பாத்தே சொல்லப் போறாரு!"

சற்குணம் கிளாஸைத் தூக்கினார். இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நல்ல மணம், நல்ல குணம் என்று முடியும். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு இழுத்தார்.

மாங்காய் வந்தது. ஏதோ பூ வந்தது. அதற்குப் பின்னால், சந்தேகமே இல்லாமல்...

மறுபடியும் இழுத்தார். அதேதான்! கீழே ஒர்க்‌ஷாப். இந்தப் பெண் வந்தது மோட்டார் சைக்கிளில். வழியில் எங்கேயோ கலந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார். பாடகர் குழு கிளாஸை உதட்டருகே கொண்டுபோய்க் காத்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு "நல்ல மணம்" என்று சொன்னால் போதும், மானம் தப்பிவிடும். ஆனால் எட்வின் கையிலும் ஒரு கிளாஸ் இருந்தது. மகள் கையிலும் இருந்தது.

"யாரும் குடிக்காதீங்க!" என்று சற்குணம் கத்தினார். "இதுல பெட்ரோல் வாசனை வருது!"

பாடகர் குழு கிளாஸ்களை உதட்டிலிருந்து இறக்கியது.

"பெட்ரோலா?" என்றார் பிச்சைமுத்து. "ஒயின்லயே அப்படி ஒரு வாசனை உண்டா சம்பந்தி?"

"எனக்கு ஒயினைப் பத்தி ஒண்ணும் தெரியாது!"

சொல்லிவிட்டார். மூன்று தலைமுறைப் பெருமை ஜெலுத்தோங் மாடியில் டமாரென்று விழுந்தது. யோகேஸ்வரி கணவரை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவர் கேட்டதில்லை.

"ஒயின் தெரியாது," என்றார் சற்குணம். "ஆனா பெட்ரோல் எனக்குத் தெரியும். கீழ வைங்க எல்லாரும்!"

"அங்கிள்!" ரமணி துள்ளி எழுந்தாள். "கரெக்ட் அங்கிள்! நல்ல ரீஸ்லிங் பழசாக ஆக அந்த வாசனைதான் வரும். அதான் அதுக்கு அடையாளமே! அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எத்தனை பாடம் ஆச்சு தெரியுமா? நீங்க ஒரே மூச்சுல சொல்லிட்டீங்க!"

பிச்சைமுத்து கிளாஸை மூக்கில் வைத்தார். கண்கள் விரிந்தன. "ஆமா லா! பெட்ரோலேதான்! நம்ம ஒர்க்‌ஷாப் வாசனை!" ஒரு வாய் குடித்தார். ஒரு துண்டு ஹாம் கடித்தார். மறுபடியும் குடித்தார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. "இத்தனை வருஷம் இந்த ஹாம் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு சம்பந்தி. இவ்வளவு தெரிஞ்சும், சபையில 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொன்னீங்க பாருங்க! அந்தப் பணிவு யாருக்கு வரும்? தையிலேயே நாள் குறிச்சிடுவோம், இனி என்ன பேச்சு!"

கைதட்டல் எழுந்தது. பாடகர் குழு பாடவே தொடங்கிவிட்டது. சற்குணம் மெல்ல நிமிர்ந்தார். கீழே விழுந்த பெருமை தானே எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, அவருடைய நெஞ்சில் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. தோற்றவர்களிடம் பெருந்தன்மை காட்ட வேண்டிய நேரம் இது என்று அவருக்குப் பட்டது.

"ரமணி, உங்க மேடம்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு," என்றார். "அவங்க சொன்னதுதான் சரி. அந்தச் சிவப்பு என் தப்பு. இவ்வளவு சூட்சுமம் தெரிஞ்ச ஒரு பொண்ணைப் பெத்தாங்களே, அந்த அப்பா குடுத்து வெச்சவரு. அவரை நான் ஒரு தடவை பாக்கணும்."

தர்ஷிகா தட்டிலிருந்த ஒரு கிராம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மடல்கள் சிவந்திருந்தன.

ரமணி, மேடத்தின் அனுமதிக்காக ஒரு தடவை தர்ஷிகாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னு, 'நீ சொல்லு, சரியாச் சொல்றியான்னு பாக்குறேன்'னு நீங்க கேட்டப்பவே அவரை நான் பாத்துட்டேன் அங்கிள். 'பதில் தெரியாத கேள்வியைக் கஸ்டமர் கேட்டா அப்படித்தான் நிக்கணும், அப்படித்தான் பேசணும், அது எங்கப்பா டெக்னிக்'னு தர்ஷிகா மேடம் எங்களுக்கு எடுத்த முதல் பாடமே அதுதான்."